பொன்முட்டையும் அடிமை ஏடும்: ‘கிம்’ என்னும் குடிப்பெயரின் வரலாறு

தென்கொரியாவில் 2015-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது ‘கிம்’ என்ற குடிப்பெயரோடு பதிவானவர்கள் ஒரு கோடியே ஆறு லட்சத்துக்கும் மேல். நாட்டு மக்களில் 21.5 விழுக்காடு. நாம் ‘லீ’ என்று எழுதும் ‘யி’ குடிப்பெயரையும், ‘பாக்’ என்பதையும் இதனோடு கூட்டினால் 44 விழுக்காட்டைத் தாண்டிவிடும். வடகொரியாவை அது தோன்றிய 1948 முதல் ஆண்டுவரும் குடும்பம் கிம். தெற்கே ராணுவ ஆட்சியை எதிர்த்துப் போராடிப் பின்னர் அடுத்தடுத்து அதிபரான கிம் யங்-சாம், கிம் தே-ஜுங் இருவரும் கிம். ஆனால் இந்த மூன்று குடும்பங்களும் ஒன்றுக்கொன்று உறவுமுறை உடையவை அல்ல. முதல் குடும்பம் ஜொன்ஜு ஊர்க் கிம், இரண்டாவது கிம்னியோங் ஊர்க் கிம், மூன்றாவது கிம்ஹே ஊர்க் கிம்.

கொரியாவில் வெறும் குடிப்பெயரைச் சொல்வது பாதி அடையாளம்தான். அதனோடு பூர்வீக ஊரும் சேரவேண்டும். இதைப் ‘போன்குவான்’ என்பார்கள். குடிப்பெயரும் பூர்வீக ஊரும் ஒன்றானால் அவர்கள் பங்காளிகள்; மரபுப்படி பெண் கொடுத்து எடுப்பதில்லை. கிம் என்ற பெயருக்குள் இப்படி நூற்றுக்கணக்கான பூர்வீகங்கள் உண்டு. அவற்றில் கிம்ஹே கிம் மட்டும் சுமார் 44.5 லட்சம் பேர். கியோங்ஜு கிம் சுமார் 18 லட்சம். முதலாவது குலம் காயா நாட்டு அரசன் சூரோவையும், இரண்டாவது சில்லா நாட்டு அரச குலத்தின் மூதாதை கிம் அல்ஜியையும் தங்கள் மூலவராகக் கொள்கின்றன.

இரண்டு அரச குடும்பங்களின் பெயர் ஐந்தில் ஒருவரின் பெயரானது எப்படி? அரசர்களுக்குப் பிள்ளைகள் அதிகம் என்ற விடை போதாது. இந்தப் பெயரைப் பரப்பியதில் குருதிக்கு இருந்த பங்கைவிட எழுத்துக்கு, குறிப்பாக அரசுப் பதிவேட்டுக்கு, இருந்த பங்கு பெரிது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் பெயரின் பொருள். கிம் என்பதை எழுதப் பயன்படும் சீன எழுத்துக்குப் பொன் என்றும் பொதுவாக உலோகம் என்றும் பொருள். இதே எழுத்தைக் கொரியர்கள் உலோகத்தைக் குறிக்கும்போது ‘கும்’ என்று படிப்பார்கள். குடிப்பெயராக வரும்போதும், கிம்ஹே, கிம்போ போன்ற சில ஊர்ப்பெயர்களிலும் ‘கிம்’ என்பார்கள். இதற்கு ஒரு நாட்டார் கதை உண்டு. 1392-இல் ஜோசொன் அரசை நிறுவிய யி சொங்-க்யேயின் குடிப்பெயர் எழுத்துக்குள் மரத்தைக் குறிக்கும் எழுத்து அடங்கியிருக்கிறது. சீனரின் ஐம்பூதக் கணக்கில் உலோகம் மரத்தை வெட்டும். ஆகவே கிம்களால் அரசுக்கு ஆபத்து வரலாம் என்றஞ்சி, உலோகம் என்று ஒலிக்காதபடி உச்சரிப்பை மாற்றச் சொன்னார்கள் என்பது கதை. சுவையான கதைதான், ஆனால் அது தேவையில்லை. இடைக்காலச் சீனத்தில் அந்த எழுத்தின் ஒலியே ‘கிம்’ என்பதை ஒட்டியது. வியட்நாமியரும் தென்சீனத்து ஹொக்கியன் மக்களும் இன்றும் அதைக் ‘கிம்’ என்றே சொல்கிறார்கள். புதிதாக மாற்றப்பட்ட ஒலி என்பதைவிட, பெயர்களுக்குள் தங்கிப்போன பழைய ஒலி என்று கொள்வதே பொருத்தம்.

பொன்னும் உலோகமும் அந்த இரண்டு நாடுகளின் வாழ்வில் உண்மையாகவே இருந்தவை. காயா இரும்பால் வாழ்ந்தது. கிம்ஹே நகரின் தேசொங்-தோங் கல்லறைகளில் இரும்புப் பாளங்கள் கிடைத்திருக்கின்றன. அந்த வட்டாரத்தில் இரும்பு பணம்போலப் புழங்கியதைப் பழைய சீன வரலாற்று நூல் குறிக்கிறது. சில்லாவோ பொன்னால் பேர்பெற்றது. 1921-இல் கியோங்ஜுவில் ஒரு கல்லறை மேட்டிலிருந்து முதல் பொன்முடி வெளிப்பட்டது. இத்தகைய பொன்முடிகள் கி.பி. ஐந்து, ஆறாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. கிம் குலத்தார் சில்லா அரியணையைத் தொடர்ந்து தங்கள் கையில் வைத்திருந்த காலமும் அதுவே.

பிறப்புக் கதைகளும் பொன்னிலேயே தொடங்குகின்றன. கிம் பு-சிக் 1145-இல் தொகுத்த ‘சாம்குக் சாகி’ தரும் கதை இது: கி.பி. 65-இல் தலைநகருக்கு மேற்கே ஒரு காட்டில் சேவல் கூவும் ஓசை கேட்கிறது. போய்ப் பார்த்தால் மரக்கிளையில் ஒரு பொற்பேழை தொங்குகிறது. கீழே வெள்ளைச் சேவல். பேழைக்குள் ஆண் குழந்தை. பொற்பேழையிலிருந்து வந்ததால் குடிப்பெயர் கிம். குழந்தைக்கு அல்ஜி என்று பெயர். காட்டுக்குச் சேவற்காடு என்ற பொருளில் கியேரிம் என்று பெயராயிற்று. காயாவின் கதையை இர்யோன் என்ற பௌத்தத் துறவி 1280-களில் எழுதிய ‘சாம்குக் யூசா’ சொல்கிறது. கி.பி. 42-இல் குஜிபோங் குன்றின்மேல் வானத்திலிருந்து ஒரு பொற்பெட்டி இறங்குகிறது. உள்ளே ஆறு பொன்முட்டைகள். முதலில் வெளிவந்தவன் சூரோ.

இக்கதைகளை எழுதிவைத்தவர்களே அவற்றை அப்படியே நம்பவில்லை. கிம் பு-சிக் தாமே கியோங்ஜு கிம். ஆயினும் முட்டையிலிருந்தும் வானத்துப் பேழையிலிருந்தும் மூதாதையர் வந்தார்கள் என்பது நம்பத்தக்கதன்று, வழிவழியாக உண்மைபோலச் சொல்லப்பட்டு வந்ததால் பதிவு செய்கிறேன் என்று தம் நூலில் கருத்துரைக்கிறார். தம் குலக்கதையைத் தாமே ஐயப்பட்ட ஓர் அறிஞரின் இந்த நேர்மையை, பின்னாளைய வம்சாவளி நூல்கள் கைக்கொள்ளவில்லை.

கதைகளை விட்டுக் கல்வெட்டுகளுக்கு வருவோம். சில்லாவின் பழைய கல்வெட்டுகள் பல இன்று நம்மிடம் உள்ளன. 503-ஐச் சேர்ந்த போஹாங் நெங்சு-ரி கல், 524-ஐச் சேர்ந்த உல்ஜின் போங்பியோங் கல், 561-இல் ஜின்ஹுங் அரசன் நாட்டிய சாங்னியோங் கல் ஆகியவற்றில் அரசனின் சுற்றத்தாரும் அதிகாரிகளும் வரிசையாகக் குறிக்கப்படுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் பகுதிப்பெயர் உண்டு, பட்டம் உண்டு, இயற்பெயர் உண்டு. குடிப்பெயர் இல்லை. அரச குலத்தாருக்கும் கிம் என்ற சொல் எழுதப்படவில்லை.

பிறகு எங்கே முதலில் தென்படுகிறது? சீனத்தில். 521-இல் தென்சீனத்து லியாங் அரசவைக்குச் சில்லாத் தூதர் சென்றபோது, சீனர் சில்லா அரசனின் குடிப்பெயர் ‘மோ’ என்று குறித்துக்கொண்டார்கள். இயற்பெயரின் ஓர் அசையைக் குடிப்பெயராக எடுத்துக்கொண்டதாகவே தெரிகிறது. 565-இல் வடசீனத்து வடக்கு ச்சி அரசு ‘கிம் ஜின்ஹுங்’ என்று அரசனைக் குறித்துப் பட்டம் வழங்குகிறது. இடையே 44 ஆண்டுகள். இந்த இடைவெளியில், சீன அரசவையோடு சமமாகப் பேசும் தேவைக்காக, சில்லா அரச குலம் தனக்கொரு சீனமுறைக் குடிப்பெயரைத் தேர்ந்துகொண்டது. அப்படியானால் கி.பி. 65-இலேயே அல்ஜி கிம் ஆனான் என்ற செய்தி, பின்னால் கிடைத்த பெயரை முன்னோர்மேல் ஏற்றிச் சொன்னதாகிறது.

அடுத்த நூற்றாண்டில் அதே அரச குலம் வேறொரு மூதாதையைக் காட்டியது. மூன்று நாடுகளை ஒன்றாக்கிய முன்மு அரசன் 681-இல் இறந்த பின் எழுப்பப்பட்ட நினைவுக்கல்லில் பொற்பேழைக் கதை இல்லை. பதிலாக, ஹான் பேரரசனிடம் சிறைப்பட்டுக் குதிரை மேய்த்துப் பின் பெருமனிதனான சியொங்னு இளவரசன் ஒருவனின் பட்டத்தை அது மூதாதை வரிசையில் குறிக்கிறது. அந்த இளவரசனின் மக்கள் பொன்னுருவை வைத்து வானத்தை வழிபட்டதால், பேரரசன் அவனுக்குப் பொன் என்ற எழுத்தையே குடிப்பெயராகத் தந்தான் என்பது சீன வரலாறு. 864-இல் சீனத் தலைநகரில் புதைக்கப்பட்ட கிம் குலத்துப் பெண் ஒருத்தியின் கல்லறை எழுத்தும் இதே இளவரசனைச் சுட்டுகிறது. இதற்கும் மேலாக, சீனத் தொன்மத்துப் பேரரசன் ஷாவோ ஹாவின் வழியினர் என்று சில்லா மக்கள் சொல்லிக்கொண்டதாகவும் சாம்குக் சாகி குறிக்கிறது. காயா வழிவந்த படைத்தலைவர் கிம் யூ-சின்னின் நினைவுக்கல்லும் அதையே சொன்னதாம்.

ஒரே குலத்துக்கு மூன்று மூலங்கள். முன்மு கல்லை வைத்துக்கொண்டு சில்லா அரசர்கள் ஸ்டெப்பி வெளியிலிருந்து வந்தவர்களே என்று வாதிடுவோர் இன்றும் கொரியாவில் உண்டு. எனக்கு அது ஏற்புடையதாகப் படவில்லை. தாங் பேரரசோடு போரும் உறவும் மாறிமாறி நடந்த காலத்தில், சீன நூல்களில் மதிப்போடு பேசப்பட்ட ஒரு ‘கிம்’மைத் தேடிக் கண்டுபிடித்துத் தங்கள் தலைக்கட்டில் வைத்துக்கொண்டார்கள் என்று கொள்வதே எளிய விளக்கம். முன்மு கல்லின் பின்கதையும் சொல்லத்தக்கது. 1796-இல் உழவர்கள் கண்டெடுத்து, பின் காணாமற்போய், கீழ்ப்பகுதி 1961-இலும் மேற்பகுதி 2009-இலும் மீண்டும் கிடைத்தன. மேற்பகுதி கியோங்ஜுவில் ஒரு வீட்டு முற்றத்தில் கிடந்தது.

அரசர்களின் உடைமையாக இருந்த குடிப்பெயரை அடுத்த படிக்கு இறக்கியது சில்லாவுக்குப் பின் வந்த கோர்யோ அரசு. அதன் நிறுவனர் வாங் கொன், உள்ளூர்த் தலைவர்களைத் தம் பக்கம் வைத்திருக்க அவர்களுக்குக் குடிப்பெயர்களை வழங்கினார்; 940-இல் ஊர்களின் பெயர்களையும் எல்லைகளையும் திருத்தியமைத்தார். பெயரையும் ஊரையும் பிணைக்கும் போன்குவான் முறை இக்காலத்தில் வேர்கொண்டது. 1055-இல், குலப்பதிவு இல்லாதவர்கள் அரசுத் தேர்வு எழுதக் கூடாது என்று ஆணை பிறந்தது. இதற்குப்பின் குடிப்பெயர் இல்லாமல் பதவி இல்லை. பெருமைக்குரியதாக இருந்தது இப்போது தகுதிச்சான்றும் ஆயிற்று.

தகுதிச்சான்று எதுவானாலும் அது இல்லாதவர்கள் பெரும்பான்மையாக இருப்பார்கள். ஜோசொன் காலத்து அடிமைகளே அதற்குச் சாட்சி. ‘நோபி’ எனப்பட்ட அவர்கள் விற்கவும் வாங்கவும் பட்டார்கள். தாயின் நிலை பிள்ளையையும் சேர்ந்தது. குடிப்பதிவேட்டில் அவர்களுக்குக் குடிப்பெயர் கிடையாது, வெறும் இயற்பெயர்தான். நாய்ப்பீ என்று பொருள்படும் ‘கெத்தோங்’ போன்ற பெயர்கள் ஏடுகளில் மலிந்து கிடக்கின்றன. அதே பெயரை அரச குடும்பமும் செல்லப்பெயராக இட்டதுண்டு. கொஜோங் அரசரின் பிள்ளைப் பருவப் பெயர் அதுவே என்பார்கள். இழிந்த பெயர் இட்டால் குழந்தையைக் கூற்றுவன் தீண்டமாட்டான் என்ற நம்பிக்கை அது. அரண்மனைப் பிள்ளைக்கு வளர்ந்ததும் வேறு பெயர் வந்துவிடும். அடிமைக்கு அதுவே கடைசிவரை.

ஜப்பானிய ஆய்வாளர் ஷிகாதா ஹிரோஷி 1930-களில் தேகு வட்டாரக் குடிப்பதிவேடுகளை எண்ணிப் பார்த்தார். 1690-இல் யாங்பான் எனப்படும் உயர்குடி வீடுகள் 9.2 விழுக்காடு, அடிமை வீடுகள் 37.1 விழுக்காடு. 1858-க்கு வந்தால் உயர்குடி 70.3, அடிமை 1.5. பதிவேட்டில் உயர்குடிக்குரிய பட்டம் இருந்ததாலேயே ஊரார் அவர்களை உயர்குடியாக மதித்தார்கள் என்றாகாது என்று பிற்கால ஆய்வாளர்கள் திருத்திச் சொல்கிறார்கள். திருத்தம் சரியே. ஆனால் ஏட்டில் எழுதப்பட்டதைப் பொறுத்தவரை மாற்றம் மலைக்கவைக்கிறது. ஒன்றே முக்கால் நூற்றாண்டுக்குள் பெயரில்லாதவர்கள் பெயர் பெற்றுவிட்டார்கள்.

எப்படிப் பெற்றார்கள் என்பதை ஒரு குடும்பத்தின் கதையால் அறியலாம். வரலாற்றாய்வாளர் குவொன் நே-ஹியொன், கொரியாவின் தெற்கே தான்சொங் வட்டாரப் பதிவேடுகளிலிருந்து இதைத் தொகுத்து 2014-இல் நூலாக்கினார். 1678-ஆம் ஆண்டு ஏட்டில் சுபோங் என்று ஓர் அடிமை. குடிப்பெயர் இல்லை, உடைமையாளரின் பெயர் மட்டும் உண்டு. அடுத்த சில பத்தாண்டுகளில் அந்தக் குடும்பம் விடுதலை பெற்று, கிம் என்ற குடிப்பெயரோடும் கிம்ஹே என்ற பூர்வீகத்தோடும் ஏட்டில் ஏறுகிறது. பின்னர் ஒவ்வொரு பதிவிலும் சிறிது சிறிதாகப் பட்டங்கள் மாறுகின்றன. ஏறத்தாழ இருநூறு ஆண்டு கழித்து, சுபோங்கின் வழியினர் உயர்குடிக்குரிய பட்டத்தோடு பதிவாகிறார்கள். ஒரே தாவலில் நடந்ததன்று. தலைமுறை தலைமுறையாகப் பணம் சேர்த்து, வரி கட்டி, தானியம் கொடுத்து, எழுத்தரிடம் நின்று பெற்றது.

இதற்கு அரசும் வழிவிட்டது. 1592-இல் தொடங்கிய ஜப்பானியப் படையெடுப்பால் கருவூலம் வறண்டபோது, பெயர் எழுதும் இடத்தை வெற்றாக விட்ட பதவி ஆணைகளை அரசே தானியத்துக்கு விற்றது. வாங்கியவர் தம் பெயரை எழுதிக்கொள்ளலாம். பதவி வந்தால் வம்சாவளியும் வேண்டுமே. ‘ஜொக்போ’ எனப்படும் வம்சாவளி நூல்களில் இடம் வாங்குவதும், நூலையே போலியாக அச்சிடுவதும் பெருகின. 1764-இல் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் பல குலங்களின் வம்சாவளிகளைத் திரட்டி, அச்செழுத்து வைத்து அடித்து விற்றதற்காகப் பிடிபட்டார்.

இந்நூல்கள் எப்போதும் ஒரே வடிவில் இருந்தவையும் அல்ல. இன்று கிடைப்பவற்றுள் மிகப் பழைய ஜொக்போ 1476-ஐச் சேர்ந்த ஆன்டொங் குவொன் குலத்துடையது. அதில் ஆண்மக்கள் முன், பெண்மக்கள் பின் என்ற வரிசை இல்லை, பிறந்த வரிசைதான். மகள்வழிப் பேரப்பிள்ளைகளையும் அது தொடர்ந்து எழுதிச் செல்வதால், நூலிலுள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் குவொன் அல்லாத குடிப்பெயரினர். மகள்களை ஓரமாக ஒதுக்கும் வழக்கம் பதினேழாம் நூற்றாண்டுக்குப்பின் கன்பூசிய நெறி இறுகியபோது வந்தது. ஜோசொன் காலத்துப் பெண்களில் பலர் மணமான பின் ‘இன்ன ஊர்க் கிம் வீட்டுப் பெண்’ என்ற அளவிலேயே ஏட்டில் நின்றார்கள்.

விடுதலை பெற்றவர்கள் புதிதாக ஒரு குடிப்பெயரைப் படைத்துக்கொள்ளாமல் ஏன் கிம்மை எடுத்தார்கள்? ஜப்பானில் 1875-இல் எல்லோருக்கும் குடிப்பெயர் கட்டாயமானபோது மக்கள் வயலையும் மலையையும் ஆற்றையும் வைத்துப் பெயர் கட்டிக்கொண்டார்கள். அங்கே இன்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குடிப்பெயர்கள் வழங்குகின்றன. கொரியாவில் நிலைமை வேறு. குடிப்பெயர் அங்கே பழைமைக்குச் சான்று. புதுப்பெயர் வைத்துக்கொள்வது, எனக்கு முன்னோர் இல்லை என்று தானே அறிவிப்பதற்குச் சமம். கூட்டம் பெரிதாக உள்ள குலத்தில் சேர்ந்தால் யார் யாருடைய பேரன் என்று எவரும் துருவமாட்டார்கள். கிம்ஹே கிம் அத்தகைய பெருங்கூட்டம்.

1801-இல் அரசுக்குரிய அடிமைகள் அறுபத்தாறாயிரம் பேரின் ஏடுகள் எரிக்கப்பட்டன. 1894-இல் அடிமை முறையே சட்டத்தால் ஒழிந்தது. 1909-ஆம் ஆண்டுக் குடிப்பதிவுச் சட்டம் ஒவ்வொருவருக்கும் குடிப்பெயரைக் கட்டாயமாக்கியது. எஞ்சியிருந்தவர்களில் சிலர் பழைய உடைமையாளரின் பெயரை எழுதச் சொன்னார்கள். சிலர் ஊரில் மிகுதியாக இருந்த பெயரை. கிம் மேலும் பெருகியது.

கிம்ஹே கிம்முக்குள்ளேயே குருதி ஒன்றல்ல என்பதற்கு ஏட்டிலேயே ஒளிவுமறைவற்ற சான்று உண்டு. 1592 படையெடுப்பில் வந்த ஜப்பானியப் படைத்தலைவர் சயாகா கொரியர் பக்கம் சேர்ந்தார். அரசர் சொஞ்ஜோ அவருக்குக் கிம் சுங்-சொன் என்று பெயர் வழங்கினார். அவர் வழியினர் தேகுவை அடுத்த ஊரோக் ஊரில் இன்றும் வாழ்கிறார்கள். அவர்களும் கிம்ஹே கிம்தான். அரசர் வழங்கிய பெயர் என்ற அடைமொழி மட்டும் உண்டு.

இவ்வளவு கலப்போடு பரவிய பெயரை, இருபதாம் நூற்றாண்டுச் சட்டம் தூய குருதியின் அடையாளமாக நடத்தியதுதான் கொடுமை. ஜப்பானிய ஆட்சி 1940 பிப்ரவரி முதல் ஆகஸ்ட்வரை ஆறு மாதக் கெடு வைத்து ஜப்பானிய முறைக் குடும்பப் பெயர்களைப் பதிவு செய்ய வைத்தது. ஏறத்தாழ 80 விழுக்காட்டு வீடுகள் பணிந்தன. பல கிம்கள் பொன் என்ற எழுத்தை விடாமல் கனேதா, கனேமோதோ, கனேயாமா என்று ஆனார்கள். 1946-இல் பழைய பெயர்கள் திரும்பின. அதன்பின் தென்கொரியாவின் உரிமையியல் சட்டம், பிரிவு 809-இன்கீழ், ஒரே குடிப்பெயரும் ஒரே பூர்வீகமும் உடையவர்கள் மணக்கக் கூடாது என்று தடுத்தது. கிம்ஹே கிம்மில் பிறந்த ஒருவருக்கு நாற்பது லட்சம் பேர் விலக்கப்பட்ட உறவு. ஒருவருக்கொருவர் முன்பின் அறியாத குடும்பங்களில் பிறந்து காதலித்தவர்கள், மணத்தைப் பதிவு செய்ய முடியாமல், பிள்ளைகளை முறைப்படி பதிய முடியாமல் வாழ்ந்தார்கள். 1978, 1988, 1996 ஆண்டுகளில் மட்டும் தற்காலிகமாகக் கதவு திறந்தது. 1997 ஜூலையில் அரசியலமைப்பு நீதிமன்றம் அப்பிரிவு அரசியலமைப்போடு ஒவ்வாது என்று தீர்ப்பளித்தது. 2005-இல் சட்டம் திருத்தப்பட்டது. சுபோங்கின் வழியில் வந்த ஒருவர் மெய்யான காயா வழியினர் ஒருவரை மணக்க, இல்லாத உறவைக் காரணம்காட்டித் தடுத்திருக்கும் சட்டம் அது. நாற்பதாண்டுகளுக்கு மேல் அது நின்றதற்கு எந்த நியாயமும் இல்லை.

தமிழ் வாசகர் பலர் கிம்ஹே கிம் குலத்தை அறிந்திருப்பது வேறொரு வழியில். சாம்குக் யூசாவின்படி, கி.பி. 48-இல் ‘ஆயுதா’ நாட்டு இளவரசி ஹோ ஹ்வாங்-ஒக் பதினாறு வயதில் கப்பலேறி வந்து சூரோவை மணந்தாள். பிள்ளைகளில் இருவர் தாயின் குடிப்பெயரான ஹோவைப் பெற்றனர் என்பது குலமரபு. அதனால் கிம்ஹே கிம்களும் கிம்ஹே ஹோக்களும் மரபுப்படி மணவுறவு கொள்வதில்லை. ஆயுதா என்பது அயோத்தி என்று கொண்டு 2001-இல் சரயு ஆற்றங்கரையில் நினைவிடம் எழுந்தது. தமிழ் ஏடுகளிலும் மேடைகளிலும் அவள் குமரிக்கரை ஆய் நாட்டவள், பாண்டிய நாட்டவள் என்ற பேச்சு பல ஆண்டுகளாக நடக்கிறது. அம்மா, அப்பா என்ற சொற்கள் இரு மொழியிலும் ஒத்திருப்பது துணைச்சான்றாக வைக்கப்படுகிறது.

குழந்தைகள் முதலில் எழுப்பும் ஒலிகளிலிருந்து பிறக்கும் இச்சொற்கள் உலகின் பல மொழிகளில் ஒத்தே இருக்கும். அயோத்தி வாதத்துக்கும் இடர் உண்டு. அக்காலத்தில் அந்நகர் பெரும்பாலும் சாகேதம் என்றே அறியப்பட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக மூலநூலின் வயதைப் பார்க்கவேண்டும். இர்யோன் சுருக்கித் தந்த காயா வரலாறு 1075-க்குப் பிந்திய சில ஆண்டுகளில் எழுதப்பட்டது. சொல்லப்படும் நிகழ்ச்சிக்கும் எழுத்துக்கும் ஆயிரம் ஆண்டு இடைவெளி. அந்த ஆயிரம் ஆண்டுகளில் பௌத்தம் கொரியாவில் வேரூன்றி, இந்தியத் தொடர்பு பெருமைக்குரியதாகிவிட்டது. சில்லாவின் கிம்கள் சீன நூல்களில் மூதாதையைத் தேடியதை முன்பே பார்த்தோம். காயாவின் கிம்களுக்குப் பௌத்த நூல்கள் அதே உதவியைச் செய்திருக்கலாம்.

கடல்வழி வணிகத்தில் தமிழகமும் கிழக்காசியாவும் தொடர்புற்றிருந்தன என்பதில் ஐயமில்லை. அதற்கு இந்த இளவரசியைச் சான்றாக்க வேண்டியதில்லை. கிம்ஹேயிலிருந்தோ தமிழகக் கடற்கரையிலிருந்தோ அந்தக் காலத்தைச் சேர்ந்த எழுத்துச் சான்றோ அகழாய்வுச் சான்றோ கிடைக்கும்வரை, அவளைத் தமிழ்ப்பெண் என்று பாடநூலிலும் மேடையிலும் முடிந்த செய்தியாகச் சொல்வதை நாம் நிறுத்திக்கொள்ள வேண்டும். கொரியக் குடிப்பெயர்களைப் பற்றி எழுத விரும்பும் இளம் ஆய்வாளர்களுக்குத் தான்சொங், தேகு குடிப்பதிவேடுகள் காத்திருக்கின்றன. பொன்முட்டைகளை விட்டு அங்கிருந்து தொடங்குங்கள்.